கூரையில் ஏரியல், கையில் மைக்

காரின் கூரையில் ஒன்றே கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பி ஆடிக்கொண்டிருந்தால், சோதனைச் சாவடி கான்ஸ்டபிள் கேட்கும் முதல் கேள்வி "போலீஸ் வண்டியா?" என்பதாகத்தான் இருக்கும். இல்லை என்றதும் அடுத்த கேள்வி கொஞ்சம் காரமாக வரும். அந்த நேரத்தில் உரிமத்தை எடுத்து நீட்ட முடிந்தவர் ஹாம். நீட்ட முடியாதவர் குற்றவாளி. கருவி இருவரிடமும் ஒன்றேதான்.

ஹாம் என்பவர் பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துகிறவர். தேர்வு எழுதி, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடமிருந்து உரிமம் வாங்கி, 'வியூ' என்று தொடங்கும் அழைப்புக் குறியோடு உலகத்திடம் பேசுகிறவர். வியாபாரம் பேசக்கூடாது, ரகசிய மொழியில் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. இந்தியாவில் இந்தப் பித்து 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவரிடம் தொடங்கியது. அரசியல் வட்டாரத்தில் இதற்குப் பெயர் வாங்கித் தந்தவர் ராஜீவ் காந்தி. அவருடைய குறி வியூ2ஆர்ஜி. அவர் பிரதமராக இருந்தபோதுதான் ஹாம் கருவிகளுக்கான இறக்குமதி வரி தள்ளுபடி ஆனது. அதுவரை போர்க்காலத்து பழைய ரிசீவர்களையும், கழித்துக் கட்டிய டாக்சி செட்களையும் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தவர்கள் ஜப்பான் பெட்டிகளைக் கண்ணால் பார்த்தார்கள்.

வீட்டு மொட்டை மாடியில் ஏரியல் கட்டி உட்கார்ந்து பேசுவது ஒரு சுகம். அதைக் காருக்கு ஏன் கொண்டுவர வேண்டும்? சும்மா ஊர் போகும்போது அரட்டை அடிக்க என்பது பாதி பதில். மீதிப் பதில் நாட்டின் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயல், 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நகரைப் புரட்டிப்போட்ட பூகம்பம், 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி - மூன்றிலும் தொலைபேசி முதலில் செத்தது. மூன்றிலும் ஹாம்கள் வெளியூர்களுக்குச் செய்தி கடத்தினார்கள். பூஜுக்குச் சென்றவர்கள் வண்டியில் செட்டையும் கம்பியையும் ஏற்றிக்கொண்டு போனவர்கள். அந்தமானில் நடந்தது தற்செயல். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தின் பாரதி பிரசாத் (வியூ2ஆர்பிஐ), நீண்ட இடைவெளிக்குப் பிறகு கிடைத்த அனுமதியோடு ஒரு குழுவை அழைத்துக்கொண்டு போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். தீவிலிருந்து உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு முகாம் அது. சுனாமி வந்த அன்று காலையே அது அவசரகால நிலையமாக மாறியது.

செல்பேசி கோபுரம் சாய்ந்த ஊரில் மின்சாரமும் இருக்காது. அங்கே உயிரோடு இருக்கக்கூடிய நிலையம், சொந்தமாக பேட்டரியும் அதைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டரும் நகர்ந்து போகச் சக்கரமும் உள்ள ஒன்று. அதாவது கார். ஆனால் அந்தக் காரில் செட் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். ஏனோதானோ என்று மாட்டிய செட், தேவைப்படும் நாளில் காரையும் நகரவிடாமல் செய்துவிடும். மோசமான நாளாக இருந்தால் காரையே எரித்தும்விடும்.

பெரும்பாலானவர்கள் தவறு செய்வது கடையிலேயே. கையில் இருக்கும் பணத்தை எல்லாம் செட்டில் போட்டுவிட்டு, மிச்சத்தில் ஏரியல் வாங்குகிறார்கள். ஒயருக்குக் காசு இருக்காது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். காருக்கு வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்: முதலில் ஏரியல், அடுத்து ஒயரிங், கடைசியாகத்தான் செட். காரணம் எளிய கணக்கு. 5 வாட் செட்டை 50 வாட்டாக மாற்றினால், எதிர்முனையில் இருக்கும் மீட்டர் முள் இரண்டு கோடு கூட முழுசாக ஏறாது. கைச் செட்டைக் காருக்குள் வைத்துப் பேசுகிறவர், அதே செட்டின் வாயை ஒரு கேபிள் மூலம் கூரை ஏரியலுக்கு மாற்றினால் கிடைக்கும் லாபம் அதற்குக் குறைந்ததல்ல. எஃகுக் கூட்டுக்குள் உட்கார்ந்து கத்துவதற்கும் கூரைமேல் நின்று பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. கேட்பதிலும் அதே லாபம் கிடைக்கும். 50 வாட் செட் வாங்கியவருக்குப் பேச்சுதான் பலமாகப் போகும். காது அப்படியேதான் இருக்கும்.

இந்தியாவில் காரில் ஹாம்கள் அதிகம் பயன்படுத்துவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் அலைவரிசை. கண்ணுக்கெட்டிய தூரம்தான் இதன் எல்லை. ஆனால் மலை உச்சியிலோ உயர்ந்த கட்டடத்திலோ வைத்திருக்கும் ரிப்பீட்டர் ஒரு குரலை வாங்கி இன்னொரு அலைவரிசையில் திருப்பி அனுப்பும். அது கிடைத்தால் மாவட்டம் தாண்டியும் பேசலாம். இந்த அலைக்குக் கால் அலைநீள ஏரியல் என்பது ஏறத்தாழ 49 செ.மீ. கம்பி. இதைவிட மலிவான நல்ல ஏரியல் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தகரம் இருந்தால் அதற்குத் திருப்தி. நம்முடைய சின்னக் கார்களின் கூரை அகலம் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. நடுக்கூரையில் வைத்தால் போதும்.

அங்கேதான் மனசு கேட்காது. புதுக் காரின் கூரையில் ஓட்டை போடுவதா? வீட்டில் சம்மதம் கிடைக்காது. அதனால் காந்த அடி ஏரியல் வாங்குவார்கள். அது மோசமில்லை. ஆனால் காந்தத்துக்கு அடியில் புழுதி சேர்ந்து பெயின்டைத் தேய்க்கும். வாரம் ஒருமுறை தூக்கித் துடைக்க வேண்டும். அலுமினியக் கூரையிலும் கண்ணாடிக் கூரையிலும் ஒட்டாது. கேபிளைக் கதவு இடுக்கில் நுழைத்தால், கதவை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது நசுங்கும். நசுங்கிய கேபிள் வெளியே நன்றாகத்தான் தெரியும். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் இறங்கிய பிறகுதான் விஷயம் புரியும். டிக்கிக் கதவின் ரப்பர் பட்டை வழியே நுழைப்பது நல்லது. டிக்கி விளிம்பில் கிளாம்ப் போட்டு நிறுத்துகிறவர்கள், கிளாம்பின் திருகு பெயின்டைத் துளைத்துத் தகரத்தைத் தொடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். டிக்கி மூடியே கீல்களின் கிரீஸில் மிதந்துகொண்டிருக்கும். பின்னிய செப்புப் பட்டை ஒன்றால் அதை பாடியோடு இணைத்தால் தீரும் தொல்லை அது.

கடைக்காரர் அடுத்துக் காட்டுவது எட்டில் ஐந்து அலைநீள ஏரியல், ஒன்றே கால் மீட்டர். கால் அலையைவிட இது தூரம் போகும் என்பார். சமவெளி நெடுஞ்சாலையில் அது உண்மை, பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும். ஆனால் ரிப்பீட்டர் தலைக்கு மேலே மலையில் இருக்கும் ஊரில், குட்டைக் கம்பியே சில சமயம் நன்றாக வேலை செய்யும். நெட்டைக் கம்பி தன் பலத்தை அடிவானத்தை நோக்கிக் குவிக்கிறது. மலை உச்சியோ அடிவானத்தில் இல்லை. தவிர, அடித்தள பார்க்கிங்கின் நுழைவுத் தூலத்தில் ஒவ்வொரு நாளும் மோதும் ஏரியல் எதுவென்று யோசித்தும் வாங்க வேண்டும்.

கேபிளிலும் கவனம் வேண்டும். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் ஐந்து மீட்டர் போட்டால், இரண்டு மீட்டர் அலைவரிசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலம் கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். மிச்சமிருக்கும் கேபிளைச் சுருட்டி இருக்கைக்குக் கீழே தள்ளுவதற்குப் பதில் வெட்டிச் சுருக்கலாம். பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டர் 1.5 காட்டினால் திரும்பி வருவது 4 சதவீதம்தான், அதை 1.1 ஆக்க ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கத் தேவையில்லை. 3 காட்டினால் கால் பங்கு திரும்புகிறது. அப்போது எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் கதவுகளை மூடி, வண்டியை வெட்டவெளியில் நிறுத்திச் செய்ய வேண்டும். ஷெட்டுக்குள் வைத்து எடுத்த அளவு ஷெட்டுக்குத்தான் பொருந்தும்.

ஊர் விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் பேச இரண்டு மீட்டர் போதாது. அதற்குச் சிற்றலை வேண்டும்: பகலில் பக்கத்து மாநிலங்களுக்கு 7 மெகாஹெர்ட்ஸ், இன்னும் தூரத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸ். பேரிடர்களில் முதல் சில நாட்கள் செய்தி கடத்தியது இந்த அலைகள்தான். ஆனால் காரில் சிற்றலை என்பது பணிவு கற்றுத்தரும் சமாச்சாரம். 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் பத்து மீட்டருக்கு மேல். காரில் பத்து மீட்டர்க் கம்பி நிறுத்த முடியாது. இரண்டரை மீட்டர்க் கம்பியின் நடுவிலோ அடியிலோ ஒரு காயில் போட்டு ஏமாற்ற வேண்டும். ஏமாற்றியதற்குத் தண்டனை உண்டு: காயிலும் தரையிலும் பெரும்பகுதி பலம் சூடாகப் போய், வெளியேறுவது பத்து சதவீதத்துக்குள்தான் இருக்கும், பல வண்டிகளில் அதில் பாதிகூட இருக்காது. 100 வாட் செட் ஐந்து வாட் செட்டாகிவிடுகிறது.

ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்கள் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவை. சாதாரணக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்து எவரும் கட்டக்கூடிய சிற்றலை செட் அது. சில வாட்தான் தரும். வீட்டு மாடியில் முழு நீளக் கம்பியோடு அது ஜாலம் காட்டும். காரின் குட்டைக் கம்பியில் அதையே மாட்டினால் வெளியே போவது அரை வாட்டுக்கும் குறைவு. செட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: ஓடும்போது கேட்க மட்டும் செய்வது, பேச வேண்டும் என்றால் வண்டியை நிறுத்தி, டிக்கியில் சுருட்டி வைத்திருக்கும் இருபது மீட்டர் ஒயரை எடுத்து, நைலான் கயிற்றால் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிவிடுவது. உண்மையில் 100 வாட் செட் வைத்திருப்பவர்களும் பேரிடர் பகுதியில் செய்ய வேண்டியது இதைத்தான். சில நூறு ரூபாய் ஒயர், பல ஆயிரம் ரூபாய் மோட்டார் ஏரியலைத் தோற்கடிக்கும். கட்டும் முன் ஒரு முறை அண்ணாந்து பார்க்க வேண்டும். மின்கம்பி போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஏரியல் கயிறு வீசக்கூடாது. புயலுக்குப் பிறகு தொங்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பவே கூடாது. ஓடும் வண்டியிலும் இதே கவலை உண்டு. கூரையில் இரண்டரை மீட்டர்க் கம்பி நிறுத்தினால் உச்சி நான்கு மீட்டரைத் தொடும்; தாழ்வாகத் தொங்கும் ஒயர்கள் உள்ள நம் தெருக்களில் அது வேண்டாம். பின் பம்பருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி ஒயரிங். தீப்பிடிக்கும் இடம் இதுதான் என்பதால் இதில் கஞ்சத்தனம் ஆகாது. 50 வாட் வி.எச்.எஃப். செட் பேசும்போது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 100 வாட் சிற்றலை செட் 20 ஆம்பியரைத் தாண்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட் இதற்குப் படைக்கப்பட்டதல்ல. கைச் செட்டுக்கு அது சரி. அதற்கு மேல் கேட்டால் உள்ளே ஃபியூஸ் போகும், அல்லது அதைவிட மோசமாக, ஃபியூஸ் போகாமல் ஒயர் சூடாகிக்கொண்டே இருக்கும். பெரிய செட்டுக்கு பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் போட வேண்டும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால், 20 ஆம்பியர் ஓடும்போது போக வர சேர்த்து 1.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். எஞ்சின் அணைந்திருக்கும்போது பேட்டரியில் இருப்பதே 12.6 வோல்ட், செட்டுக்கு வந்து சேர்வது 11.2. பெரும்பாலான செட்கள் 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, 11.7-க்குக் கீழே பொறுப்பேற்காது. குரல் கரகரக்கும், அல்லது பேசத் தொடங்கியதும் செட் அணைந்து எரியும். செட்டை ரிப்பேருக்குக் கொண்டுபோவார்கள். மெக்கானிக் மேஜைமேல் அது அருமையாக வேலை செய்யும்! 6 சதுர மி.மீ. ஒயர் போட்டிருந்தால் இழப்பு 0.6 வோல்ட்டுக்குள் நின்றிருக்கும்.

பாசிட்டிவ் ஒயரில் ஃபியூஸ் கட்டாயம். எங்கே என்பதுதான் முக்கியம். பலர் செட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அது செட்டைக் காப்பாற்றும், காரைக் காப்பாற்றாது. பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவே எஞ்சின் அறைச் சுவரின் ஓட்டையில் ஒயர் உரசி, ரப்பர் தேய்ந்து, செம்பு தகரத்தைத் தொட்டால் பேட்டரியின் மொத்தச் சக்தியும் அந்த ஒயரில் பாயும். அந்த நிமிடத்தில் அறுந்து விழ வேண்டிய ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு.

நெகட்டிவ் ஒயரை பேட்டரியின் முனையிலேயே மாட்டுவது பழைய பழக்கம். இப்போதைய கார்கள் பலவற்றில் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரிக்குள் போகும் வரும் மின்சாரத்தை அது எண்ணிக்கொண்டே இருக்கும். முனையில் நேராக மாட்டினால் செட் இழுப்பது அதன் கணக்கில் வராது. கார் கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடும். பேட்டரியின் எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்தில் மாட்டுவதுதான் சரி. பக்கத்துத் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கை தேர்ந்தவராகவே இருப்பார், ஆனால் அவர் மாட்டிப் பழகியது ஹாரனும் ஹாலஜன் விளக்கும். அவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். காருக்கு வாரன்டி இருந்தால் மேனுவலையும் பார்க்க வேண்டும். லாரியிலோ பஸ்ஸிலோ மாட்டுகிறவர்கள் முதலில் வோல்ட் மீட்டரை எடுக்கட்டும். பெரிய வண்டிகளில் பலவற்றில் 24 வோல்ட். இடையில் கன்வெர்ட்டர் இல்லாமல் மாட்டினால் செட்டின் ஆயுள் ஒரு நொடி.

செட்டைப் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசுவது அநியாயம் என்று தோன்றலாம். ஐகாம், யேசு, கென்வுட், ஆலின்கோ எல்லாமே ஒழுங்கான பெட்டிகள்தான். காருக்கென்று பார்க்க வேண்டியவை சில. முகப்பு தனியாகக் கழன்று வருகிற மாடல் நல்லது: சின்னப் பலகையை டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் பெரிய பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம். இப்போதைய கார்களில் டாஷ்போர்டு நெடுக ஏர்பேக். அது விரியும் பாதையில் எதை வைத்தாலும் மோதலின்போது அது பயணியின் முகத்தை நோக்கி வரும் கல். முகப்பை வைக்கும் முன் ஏர்பேக் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். எழுத்துகள் வெயிலில் தெரிகிறதா, இரவில் கண் கூசாமல் வெளிச்சத்தைக் குறைக்க முடிகிறதா, வால்யூம் குமிழைத் தடவியே கண்டுபிடிக்க முடிகிறதா என்பதெல்லாம் நூறு மெமரி சேனல்களைவிடப் பெரிய விஷயம். தொடுதிரை அழகுதான், ஆனால் பள்ளத்தில் குலுங்கும் காரில் விரல் வேறெங்கோ படும்.

வெயில் இன்னொரு எதிரி. மே மாதத்தில் நாக்பூரிலோ விஜயவாடாவிலோ கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் உள்ளே அடுப்பாக இருக்கும். செட்கள் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் உத்தரவாதம் தருகின்றன; டாஷ்போர்டு மேல்புறம் அதைத் தாண்டும். வண்டி ஏறியதும் முழு பலத்தில் பத்து நிமிடம் பேசினால் பவர் டிரான்சிஸ்டருக்கு ஆயுள் குறையும். இருக்கைக்கு அடியில் வைத்த பெட்டியின் மூச்சுக்குழாயைக் கால்மிதி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேச்சு எட்டும் வரை பலத்தைக் குறைத்தே வைத்துப் பழகினால் பேட்டரிக்கும் நல்லது.

மாட்டி முடித்த பிறகு ஒரு 'உய்ய்' சத்தம், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். அது ஆல்டர்னேட்டர், பெரும்பாலும் எர்த் சரியில்லை என்பதற்கான புகார். டக் டக் என்றால் பற்றவைப்பு. எஃப்.எம்.மில் இவை அவ்வளவு தொந்தரவு தராது. சிற்றலையில் எஸ்.எஸ்.பி. கேட்கிறவருக்குத்தான் நரகம். நிதானமாக ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பெரும்பாலும் திருடன் பிடிபடுவான். இந்த நாட்களில் அவன் அநேகமாக லைட்டர் சாக்கெட்டில் சொருகிய மலிவு யூ.எஸ்.பி. சார்ஜராகவோ, வெளியில் வாங்கி மாட்டிய எல்.இ.டி. ஹெட்லைட்டாகவோ இருப்பான். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஓடும்போது சிற்றலை கேட்க அதிகம் ஆசைப்பட வேண்டாம், நிறுத்திவிட்டுக் கேட்கலாம்.

பேட்டரிக் கணக்குக்கு வருவோம். பேரிடர் நாளில் கவிழ்ப்பது இதுதான். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. செட் சும்மா கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர். ஐந்தில் ஒரு பங்கு நேரம் 10 ஆம்பியரில் பேசினால் சராசரி இரண்டரை ஆம்பியர் வரும். ஏழு மணி நேரத்தில் பேட்டரி பாதி காலி. அதற்குமேல் இழுத்தால் கார் ஸ்டார்ட் ஆகுமா என்பது கடவுள் விட்ட வழி. நிலையமும் போச்சு, ஏறித் தப்ப வண்டியும் போச்சு. எனவே ஒரு மணிக்கொரு முறை எஞ்சினை ஓட விடுவது, அல்லது செட்டுக்கென்று தனி பேட்டரி வைத்துக்கொள்வது. எஞ்சினை வெட்டவெளியில் ஓட விட வேண்டும். மூடிய ஷெட்டில் ஓடும் எஞ்சினின் கார்பன் மோனாக்சைடு, செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஆளைத் தூங்க வைத்துவிடும். டாஷ்போர்டில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் இருப்பது நல்லது. 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் பேச்சை நிறுத்தி, சாவியைத் திருப்ப வேண்டிய நேரம்.

ஓட்டிக்கொண்டே பேசலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு 2019-இல் திருத்தப்பட்டபோது, கையில் பிடிக்கும் தகவல் தொடர்புச் சாதனத்தை ஓட்டும்போது பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதலில் சேர்ந்தது. முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுருள் ஒயர் மைக் இந்த வர்ணனைக்குள் வராது என்று மாஜிஸ்திரேட் முன்பு வாதாடிப் பார்க்கும் துணிச்சல் ஒருவருக்கு இருக்கலாம். லாரிக்கு முன்னால் அந்த வாதம் எடுபடாது. கண் சாலையில் இருந்தாலும் மனசு எதிர்முனையில் பேசுகிறவரின் ஊரில் இருக்கும். ஓட்டுகிறவர் ஓட்டட்டும், பக்கத்து இருக்கையில் உரிமம் உள்ள இன்னொருவர் இருந்தால் பேசட்டும். தனியாகப் போகிறவர் கேட்டுக்கொண்டே போய், டீக்கடை வந்ததும் ஓரங்கட்டிப் பேசலாம். அலைவரிசை மாற்றுவது, மெமரி தேடுவது எல்லாம் வண்டி நின்ற பிறகுதான்.

மலைச் சாலைகளில் பாறை உடைக்கும் இடம் வந்தால் செட்டை முழுசாக அணைப்பது உசிதம். மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டர்களின் ஒயர் ஏரியல் மாதிரியே வேலை செய்யக்கூடும். பெட்ரோல் பங்க்கிலும் மைக்கைத் தொட வேண்டாம். எல்லை மாவட்டங்களில் ராணுவச் சாவடியில் நிறுத்திக் கேட்டால், ஹாம் ரேடியோவின் வரலாற்றைச் சொல்லத் தொடங்காமல் தாளைக் காட்டி, பேசாதே என்றால் பேசாமல் வருவது உத்தமம்.

அந்தத் தாளைப் பற்றி. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உரிமம் இல்லாமலே வாக்கி-டாக்கி வாங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு மலையேறும் கோஷ்டிகள் பெருகிவிட்டன. 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த விற்பனைக்கு நெறிமுறைகள் வெளியிட வேண்டி வந்ததே இதனால்தான். உரிமம் முதலில், செட் பிறகு. உரிமம் கையில் வந்ததும் அதன் நிபந்தனைகளை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்: எந்த அலைவரிசை, எத்தனை வாட், வீட்டு முகவரிக்கு வெளியே வண்டியிலிருந்து இயக்க என்ன விதி என்பதெல்லாம் உரிமத்தின் தரத்தைப் பொறுத்து மாறும். காரிலிருந்து பேசுகிறவர் அழைப்புக் குறியோடு 'மொபைல்' என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். எதிர்முனைக்குக் குரல் ஏன் ஏறி இறங்குகிறது என்று புரியும்.

பழைய செட் வாங்குகிறவர்கள் விற்பவரின் பெயரில் அது முறையாக இருந்ததா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அவருடைய மேஜையில் சோதிப்பதோடு நிற்காமல், தன் காரில் எஞ்சின் ஓடும்போதும் ஓடாதபோதும் பேசிப் பார்க்க வேண்டும். உள்ளூர் ஹாம் சங்கத்தில் யாராவது ஒருவர் ஏரியல் அனலைசர் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி வாங்கிக் கொடுத்தால் அவரே வந்து பார்த்துத் தருவார்.

பொருத்தி முடித்த வண்டியை ஒருமுறை ஊருக்கு வெளியே கொண்டுபோய், செல்பேசியை அணைத்துவிட்டு, ஒரு முழுப் பகல் அந்த செட்டை மட்டும் வைத்து வீட்டுக்குச் செய்தி அனுப்ப முடிகிறதா என்று பார்க்கலாம். கங்காசாகர் மேளாவில் தொலைந்துபோன யாத்ரீகர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கும் மேற்கு வங்க ஹாம்களுக்கு அந்தப் பயிற்சி ஆண்டுதோறும் கிடைக்கிறது. மற்றவர்கள் தாங்களாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். அன்று எது இல்லாமல் திண்டாடினார்களோ அதைக் குறித்து வைத்து, டிக்கியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கட்டும்: இரண்டு உதிரி ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், கயிறு, இருபது மீட்டர் ஒயர், பென்சில், நோட்டுப் புத்தகம், உரிமத்தின் இன்னொரு நகல்.